எந்த வெளிச்சத்தைப் பிடிப்பது, எதை விடுவது?

போன மாசி மாதம் ஒரு ராத்திரி. மேட்டு லயத்துக்கு மேலே இருக்கிற மைதானத்தில் நாங்கள் ஐந்து பேர், ஒரு பழைய கமராவைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். பனி இன்னும் இறங்கவில்லை. காற்றும் இல்லை. மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அந்த ஓரியன் கூட்டம் கிட்டத்தட்ட எங்கள் உச்சந்தலைக்கு மேலே. அந்த மூன்றுக்குப் பக்கத்தில் புகை மாதிரித் தெரியும் சின்னத் திட்டுதான் ஓரியன் நெபியூலா. அதைப் படம் பிடிக்கத்தான் எல்லாரும் காசு சேர்த்து 'ஒளி மாசு பில்டர்' ஒன்று வாங்கியிருந்தோம். மொத்தக் காசும், அம்மாமார் மலையில் கொழுந்து பறித்து வாங்குகிற பத்துப் பேருக்குக் கிட்ட வரும். (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர்.)

பில்டரை மாட்டி ஒரு படம் எடுத்தோம். கழற்றி ஒரு படம் எடுத்தோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாட்டி எடுத்ததுதான் மோசம். நட்சத்திரங்கள் மங்கியிருந்தன. டவுன் பக்கத்து வானம் மட்டும் முன்னைப் போலவே வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. எங்களில் சின்னவன் சொன்னான்: "அண்ணே, இத வாங்குன காசுக்கு எல்லாரும் நல்லா ரொட்டியாவது தின்னுருக்கலாம்."

ஏன் இப்படி ஆனது என்று தேடப் போனோம். தேடல் பில்டரோடு நிற்கவில்லை. கொடைக்கானல் மலைக்குப் போனது, அங்கிருந்து எங்கள் பாட்டன்மார் ஊரை விட்டுக் கிளம்பிய பஞ்சத்துக்குப் போனது, திரும்பி எங்கள் டவுன் லைட்டுக் கம்பத்தடிக்கே வந்து நின்றது. அந்தக் கதைதான் இது. பில்டர் வாங்க யோசிக்கிறவர்களுக்கு வேண்டிய விஷயமும் உள்ளே இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

பில்டர் என்றால் என்னவென்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஸ்டோரில், அதாவது தேயிலை பெக்டரியில், காய்ந்த தூளைச் சலிக்கிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரே தூள்தான் மேலே கொட்டப்படுகிறது. சல்லடைக் கண்ணின் அளவைப் பொறுத்து பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பிரிந்து விழுகிறது. சல்லடை புதுத் தூள் எதையும் உண்டாக்குவதில்லை. வானத்திலிருந்து வருகிற வெளிச்சமும் இப்படிக் கலந்துகட்டித்தான் வருகிறது. அதை நானோமீற்றர் கணக்கில் அளப்பார்கள்: 400 பக்கம் ஊதா, 500 பக்கம் பச்சை, 590 பக்கம் மஞ்சள், 650ஐத் தாண்டினால் நல்ல சிவப்பு. ஒரு துண்டை உள்ளே விட்டு மற்றதை நிறுத்துவதுதான் பில்டரின் வேலை. வெளிச்சத்தைக் கூட்டித் தருகிற பில்டர் உலகத்தில் கிடையாது. விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

பில்டர் இல்லாத கலர் கமராவும் கிடையாது என்று சொல்லலாம். 1861இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வடிகட்டி வழியாக ஒரு ரிப்பனை மூன்று தடவை படம் எடுக்க வைத்து, மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகத் திரையில் போட்டுக் காட்டினார். கலர் படத்தின் தொடக்கம் அது. இன்றைக்கு உங்கள் போன் கமராவின் சில்லு மேலே அதே மூன்று நிறமும் சின்னச் சின்னக் கட்டமாக ஒட்டப்பட்டிருக்கிறது. கொடாக் கம்பனியின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நான்கு கட்டத்தில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இந்த 'நான்கில் ஒன்று சிவப்பு' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு முதன்முதலில் பில்டர் தேவைப்பட்டது ராத்திரிக்கில்லை, பகலுக்குத்தான். 1600களின் தொடக்கத்தில் கிறிஸ்தோப் ஷைனர் என்ற பாதிரியார் தொலைநோக்கியில் நிறக் கண்ணாடி வைத்துச் சூரியப் புள்ளிகளைப் பார்த்தார். அதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்குப் பிறகு, யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் அதே வேலைக்கு எந்த நிறக் கண்ணாடி நல்லது என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விஷயம் அவரைக் குழப்பியது. சில கண்ணாடியில் வெளிச்சம் குறைவு, ஆனால் கண் சுட்டது. சிலதில் வெளிச்சம் தாராளம், சூடு இல்லை. அப்படியென்றால் சூடு எந்த நிறத்தில் வருகிறது? முப்பட்டகத்தில் சூரிய ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்தார். சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பம் ஏறியது. 1800இல் அகச்சிவப்புக் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான். பில்டர் வாங்கக் கடைக்குப் போனவன் புதையலோடு வந்த கதை.

இந்தக் கதையை நாங்கள் ஆசையாகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 2019 டிசம்பர் 26 காலையில் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலைப் பக்கம் வளையக் கிரகணம் தெரிந்தது. எங்களுக்குப் பகுதிக் கிரகணம். அப்போது நாங்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். "வெளிய வராத புள்ள, கண்ணு போயிரும்" என்று அப்பாயிமார் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் பின்வாசல் வழியாக வந்து, யாருடையதோ நெஞ்சு எக்ஸ்ரே தாளை மடித்துப் பிடித்துச் சூரியனைப் பார்த்தோம். கறுப்பாகத் தெரிந்ததால் பத்திரம் என்று நினைத்தோம். ஹெர்ஷல் கண்டது அதற்கு நேர் எதிரான விஷயம்: கண்ணுக்குக் கறுப்பாக இருக்கும் பொருள் வழியாகவும் சூடு தாராளமாக உள்ளே போகலாம். கண்ணின் விழித்திரைக்கு வலி தெரியாது, சுட்டாலும் சத்தமில்லாமல்தான் சுடும். அப்பாயிமார் சொன்ன காரணம் வேறாக இருக்கலாம், சொன்ன எச்சரிக்கை சரி. சூரியனுக்கென்றே செய்த பில்டர் ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடும். அதை லென்சுக்கு முன்னால் மாட்ட வேண்டும், கண்ணுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. எக்ஸ்ரே தாள், கூலிங் கிளாஸ், புகை பிடித்த கண்ணாடி, சீடி எதுவும் வேண்டாம்.

இப்போது கிரகணத்தைப் பிடித்துக்கொண்டு நம்ம பக்கத்துக்கு வருவோம். 1868 ஆகஸ்ட் 18 அன்று ஆந்திராவின் குண்டூரில் ஜூல்ஸ் ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் முழுக் கிரகணத்தை நிறமாலைமானி வழியாகப் பார்த்தார். சூரிய விளிம்பில் எழும் தீக்கொழுந்துகள் வானவில் மாதிரி எல்லா நிறத்திலும் ஒளிர்வதில்லை, ஒருசில கோடுகளில் மட்டும் பளிச்சென்று ஒளிர்கின்றன என்று தெரிந்தது. அந்தக் கோடுகள் அவ்வளவு பிரகாசம் என்பதால், அவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் கிரகணம் இல்லாத நாளிலும் பார்க்கலாம் என்று அடுத்த நாளே செய்துகாட்டினார். அதே வருஷம் இங்கிலாந்தில் நோர்மன் லொக்கியரும் தனியாக அதைச் செய்தார். அவர் கண்ட ஒரு மஞ்சள் கோடு எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். 1871 டிசம்பர் 12 கிரகணத்துக்கு லொக்கியர் தன் குழுவோடு கேரளக் கரையிலுள்ள பேக்கல் கோட்டைக்கு வந்தார். அந்தப் பயணத்தின் கிளைக் குழுக்கள் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் நின்றன.

பில்டரின் சரித்திரத்தில் முக்கியமான திருப்பம் இது. அதுவரைக்கும் பில்டர் என்றால் கண்ணைக் காப்பாற்ற வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி. இதற்குப் பிறகு, ஒரே ஒரு கோட்டை மட்டும் விட்டு மீதி எல்லாவற்றையும் மறைத்தால், இருந்தும் தெரியாமல் இருந்தது தெரியும் என்று ஆனது. இன்றைக்கு நெபியூலாப் படம் எடுக்கிற எல்லாரும் செய்வது இதைத்தான்.

லொக்கியரின் பெயர் இன்னொரு இடத்திலும் வருகிறது. அதை வாசித்தபோது நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். தாது வருஷத்தில் தொடங்கியதால் ஊரில் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். லட்சக்கணக்கான மக்கள் செத்தார்கள். பஞ்சம் நடந்துகொண்டிருந்த 1877இல், லொக்கியரும் வில்லியம் ஹண்டர் என்ற இந்திய அரசாங்க அதிகாரியும் சேர்ந்து லண்டன் பத்திரிகை ஒன்றில் சூரியப் புள்ளிகளையும் பஞ்சங்களையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். புள்ளி குறைந்த வருஷங்களில் சென்னையில் மழை குறைகிறது, மழை குறைந்தால் பஞ்சம், ஆகவே சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லலாம் என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பஞ்ச காலத்தில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை நடத்தினார். நிவாரண வேலை செய்கிற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு இறாத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். வானத்தில் புள்ளியைத் தேடியவர்கள் கணக்குப் புத்தகத்தையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

அந்தப் பஞ்சத்திலிருந்து தப்ப மதுரை, திருச்சி, சேலம், தஞ்சாவூர் என்று பல பக்கத்திலிருந்தும் ஜனங்கள் கங்காணிமார் பின்னால் கிளம்பினார்கள். கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைப் பக்கம் வரைக்கும் நடந்தே வந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். எங்கள் எல்லாக் குடும்பமும் அந்த வருஷத்தில்தான் வந்தது என்று சொல்ல மாட்டோம், வரத்து 1820களிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் தாது வருஷத்தில் கூட்டம் பெருகியது. அப்போது இங்கே பிரதானம் கோப்பி. இலை நோய் வந்து கோப்பி அழிந்து, அந்த மலைகளில் அவர்கள் கையாலேயே தேயிலை நடப்பட்டது.

அதே பஞ்சம் இன்னொரு மலைக்கு வேறொன்றை அனுப்பியது. பருவமழையைப் புரிந்துகொள்ள சூரியனை ஆராய வேண்டும் என்ற பேச்சு அரசாங்கத்துக்குள் வலுத்தது. சென்னை வானாய்வகத்தில் இருந்த நோர்மன் பொக்சன், தென்னிந்திய மலையொன்றில் சூரியனையும் நட்சத்திரங்களையும் படமெடுக்கப் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று 1882இலேயே கேட்டார். 1893இல் லோர்ட் கெல்வின் தலைமையிலான குழு கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. 1899 ஏப்ரல் 1இல் கொடைக்கானல் சூரிய வானாய்வகம் தொடங்கியது. மைக்கி ஸ்மித் முதல் இயக்குநர். தூசி இல்லாத காற்று, 2,343 மீற்றர் உயரம். நுவரெலியா டவுன் 1,868 மீற்றர். பஞ்சத்தில் உயிர் தப்பி வந்தவர்களின் பிள்ளைகள் இங்கே கோப்பிக் கட்டையைப் பிடுங்கிப்போட்டு முடித்திருந்த காலத்தில், அந்தப் பஞ்சத்தின் பெயரால் அங்கே தொலைநோக்கி ஏறியது.

அங்கே வைத்த கருவியைத்தான் நாங்கள் நிறைய நேரம் படித்தோம். 1904இல் வந்த அதற்கு ஆங்கிலப் பெயர் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராப். அமெரிக்காவில் ஜோர்ஜ் ஹேலும் பிரான்சில் டெலாண்டரும் 1890களின் தொடக்கத்தில் தனித்தனியாக உருவாக்கியது. சூரிய ஒளி மெல்லிய பிளவு ஒன்றின் வழியாக உள்ளே வரும். முப்பட்டகம் அதை நிறமாலையாக விரிக்கும். அங்கே இரண்டாவது பிளவு ஒன்று, கல்சியத்தின் 393.4 நானோமீற்றர் கோட்டை மட்டும் விட்டு மீதியை மறிக்கும். இரண்டு பிளவும் சூரிய பிம்பத்தின் குறுக்கே நகர நகர, போட்டோகொப்பி மெசினில் வெளிச்சக் கோடு ஓடுகிற மாதிரி, கோடு கோடாகக் கண்ணாடித் தட்டில் முழுச் சூரியனும் பதியும். கண்ணாடிப் பில்டர் எதுவும் இல்லாமலேயே, ஒரு நானோமீற்றரில் பத்தில் ஒரு பங்கைவிட ஒடுக்கமான பில்டர் அது. இன்றைக்கு நாங்கள் ஆசைப்பட்டு விலை கேட்கிற நெபியூலா பில்டர் 3 அல்லது 7 நானோமீற்றர். நூறு வருஷத்துக்கு முந்திய அந்தக் கருவிக்குப் பக்கத்தில் எங்கள் பில்டர் கொழுந்துக் கூடை மாதிரி.

ஏன் கல்சியம்? சும்மா வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தால் சூரியனில் புள்ளிகள் மட்டும்தான் தெரியும். கல்சியக் கோட்டில் பார்த்தால் அதற்கு மேலே உள்ள அடுக்கு தெரியும், காந்தப்புலம் வலுத்த இடமெல்லாம் வெளிச்சத் திட்டாக நிற்கும். 1907இல் ஜோன் எவர்ஷெட் அங்கே வந்தார். 1909 ஜனவரியில், சூரியப் புள்ளியின் மங்கலான ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்பதைக் கண்டார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். கொஞ்ச காலத்தில் ஐதரசனின் 656.3 நானோமீற்றர் சிவப்புக் கோட்டிலும், அதாவது எச்-அல்பாவிலும், படம் எடுக்கத் தொடங்கினார்கள். அவருடைய மனைவி மேரி எவர்ஷெட் தீக்கொழுந்துகளைப் பற்றி அவரோடு சேர்ந்து பெரிய ஆய்வே எழுதினார். கல்சியப் படங்கள் 1904 தொடங்கி 2007 வரைக்கும், வெயில் அடித்த நாளெல்லாம் எடுக்கப்பட்டன. ஒரே இடம், ஒரே கோடு, நூறு வருஷம். உலகத்தில் இப்படிப்பட்ட தொடர் பதிவுகள் மிகச் சில.

பஞ்சத்துக்கு விடை கிடைத்ததா என்று கேட்பீர்கள். சூரியனில் கிடைக்கவில்லை. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்த கில்பர்ட் வோக்கர் உலகம் முழுக்க வானிலைக் கணக்குகளைத் திரட்டிப் பார்த்தார். சூரியப் புள்ளிக்கும் மழைக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. பசிபிக்குக்கும் இந்து சமுத்திரத்துக்கும் நடுவே காற்றழுத்தம் ஊஞ்சல் மாதிரி ஆடுவது தெரிந்தது. 1876 - 78 பஞ்ச மழையின்மைக்குப் பின்னால் மிகக் கடுமையான எல் நினோ இருந்தது என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். கேட்ட கேள்விக்குக் கொடைக்கானலில் விடை இல்லை. கேட்காத கேள்விகளுக்கு அந்தத் தட்டுகளில் இன்னும் விடை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி ராத்திரிக்கு வருவோம். 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் நிறமாலைமானியை ஒரு நெபியூலாவுக்குத் திருப்பினார். வானவில் வரும் என்று பார்த்தால் ஒருசில பச்சைக் கோடுகள். நெபியூலா என்பது வெறும் வாயு என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்தப் பச்சைக் கோடு எதனுடையது என்று தெரியாமல் நெபியூலியம் என்று ஒரு தனிமத்தையே கற்பனை பண்ணினார்கள். 1927இல் ஐரா போவன்தான், இரண்டு இலத்திரன்களை இழந்த சாதாரண ஒட்சிசன்தான் அது என்று காட்டினார். 495.9, 500.7 நானோமீற்றர். படம் எடுக்கிறவர்கள் ஓ-த்ரீ என்பது இதைத்தான். இதோடு எச்-அல்பா, கந்தகத்தின் 672 பக்கத்துக் கோடுகள். நெபியூலாப் படக்காரர்களின் மூன்று பில்டரும் இவ்வளவுதான். 1995இல் ஹபிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஐதரசனுக்குப் பச்சை, ஒட்சிசனுக்கு நீலம் என்று நிறம் கொடுத்தார்கள். அந்த நிறங்கள் ஒரு தெரிவு. நேரில் போய் நின்றாலும் அப்படித் தெரியாது.

பில்டர் செய்கிற முறையும் மாறியது. 1906க்குப் பிறகு இங்கிலாந்தின் ரட்டன் அண்ட் வெயின்ரைட் கம்பனி, சாயம் போட்ட ஜெலட்டின் பில்டர்களை இலக்கம் போட்டு விற்றது. பிறகு கொடாக் அதை வாங்கியது. கோள்களைப் பார்க்கிறவர்கள் இன்றும் '25 சிவப்பு', '80ஏ நீலம்' என்பது அந்த இலக்கங்கள். சாயம் போட்டது அகலமாகத்தான் சலிக்கும். ஒடுக்கமாகச் சலிக்க வந்தவை மெல்லிய படலங்களை அடுக்கிச் செய்கிற குறுக்கீட்டுப் பில்டர்கள். மழை பெய்த ரோட்டில் டீசல் சிந்தினால் வானவில் தெரியுமே, அதே தத்துவம். அதனால்தான் ஒரு சிக்கலும் உண்டு. ரோட்டு எண்ணெயைச் சாய்ந்து பார்த்தால் நிறம் மாறுகிற மாதிரி, இந்தப் பில்டரில் ஒளி சாய்வாக நுழைந்தால் அது விடுகிற அலைநீளம் நீலப் பக்கம் நகர்ந்துவிடும். எஃப்/2 மாதிரி அகலத் திறந்த லென்சில் 3 நானோமீற்றர் பில்டரை மாட்டினால், பிடிக்க வந்த கோடே வெளியே நின்றுவிடலாம்.

இவ்வளவும் படித்த பிறகுதான் எங்கள் பில்டர் ஏன் தோற்றது என்று புரிந்தது. 'ஒளி மாசு பில்டர்' என்று விற்கப்படுகிற அகலப் பில்டர்கள் பலவும் பழைய தெருவிளக்குக்குச் செய்தவை. சோடியம் விளக்கு 589 பக்கத்தில் மஞ்சளாக எரியும். பாதரச விளக்கு 436, 546 என்று குறிப்பிட்ட கோடுகளில் எரியும். அந்தத் துண்டை மட்டும் வெட்டினால் போதும், நெபியூலாவின் கோடுகளுக்குச் சேதமில்லை. ஆனால் எங்கள் டவுன் கம்பங்களில் இப்போது எல்ஈடி. 450 பக்கத்தில் நீலமாக ஒரு முகடு, அதற்குப் பிறகு பச்சையிலிருந்து சிவப்பு வரைக்கும் ஒரே பரப்பு. கோடு இருந்தால்தானே வெட்டலாம்? எல்லா நிறத்திலும் பரவியிருப்பதை எந்த இடத்தில் வெட்டுவது? மஞ்சள் துண்டை வெட்டியதில் நட்சத்திர ஒளிதான் போனது. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டோம். டவுனில் என்ன லைட் எரிகிறது என்று அண்ணாந்து பார்க்காமல் வாங்கியது நாங்கள்.

லைட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியூர் நண்பர்கள் வந்தால் "உங்க ஊர் வானம் என்ன இருட்டு, குடுத்து வச்சவங்க" என்பார்கள். உண்மைதான், தோட்டத்து மேல் மலைக்குப் போனால் பால்வீதி கண்ணுக்கே தெரியும். ஆனால் லக்சபான நீர்மின் நிலையம் 1950இலேயே எங்கள் ஆற்றுத் தண்ணீரில் ஓடத் தொடங்கிவிட்டது. கம்பி எங்கள் தலைக்கு மேலேயே கொழும்புக்குப் போனது. எங்கள் அப்பா அம்மாமார் லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கில்தான் படித்தார்கள். அந்த இருட்டை யாரும் எங்களுக்குப் பரிசாகத் தரவில்லை. அதனால் ஒளி மாசைப் பற்றிப் பேசும்போது எங்களுக்குள்ளேயே சண்டை வரும். லயத்து வாசலில், கக்கூசுக்குப் போகிற படிக்கட்டில் லைட் வேண்டும், சிறுத்தை திரிகிற இடம் இது. வானத்தைப் பார்த்து எரிகிற லைட்டுக்குத் தொப்பி போட்டுக் கீழே திருப்பினால் இரண்டு பேருக்கும் வேலை நடக்கும் என்பது எங்களில் ஒரு கட்சி. எங்கள் மைதானத்துப் பக்கம் ஒரு லைட்டுக்கு அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம், திருப்பியும் விட்டார்கள். அது எந்தப் பில்டரும் செய்யாத உதவி.

திருப்ப முடியாத வெளிச்சமும் உண்டு. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன். நல்லதண்ணியிலிருந்து உச்சி வரைக்கும் படிக்கட்டு லைட் மாலை மாதிரித் தொங்கும். எங்கள் வானம் தெளிகிற தை, மாசி, பங்குனி மாதங்களும் அதுக்குள்ளேயேதான் வருகின்றன. அந்த மாலையை மறைக்க எங்களில் ஒருவருக்கும் மனசில்லை. அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே, கிழக்கே எடுக்கிறோம்.

சரி, எதை வாங்குவது? எங்கள் அனுபவத்தில் முதல் பதில்: இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். போனோ பழைய டிஎஸ்எல்ஆரோ, பால்வீதி, நட்சத்திரக் கூட்டம், கார்த்திகைக் கூட்டம், அண்ட்ரமீடா இதற்கெல்லாம் பில்டர் உதவாது. அவை எல்லா நிறத்திலும் ஒளிர்கிறவை, எதை வெட்டினாலும் அவற்றையும் சேர்த்தே வெட்டுவீர்கள். டவுனை விட்டு இரண்டு மைல் மேலே நடப்பதுதான் அதற்குப் பில்டர். மிஸ்ட் இறங்கினாலும் அப்படித்தான், மிஸ்டைச் சலிக்கிற கண்ணாடியை இன்னும் யாரும் செய்யவில்லை. அந்தக் காசில் லென்சில் பனி பிடிக்காமல் சுற்றிக் கட்டுகிற சூட்டுப் பட்டி வாங்கினால் நுவரெலியாக் குளிருக்கு அதுதான் உபயோகம்.

வாயு நெபியூலாதான் ஆசை என்றால் கதை வேறு. கலர் கமரா வைத்திருப்பவர்களுக்கு எச்-அல்பாவையும் ஓ-த்ரீயையும் மட்டும் விடுகிற இரட்டைப் பட்டைப் பில்டர் பொருந்தும். எல்ஈடி பரப்பையும் அது பெருமளவு வெட்டும், ஏனென்றால் இரண்டு ஒடுக்கமான ஜன்னலைத் தவிர எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. ஆனால் முன்னால் சொன்ன 'நான்கில் ஒன்று' ஞாபகம் இருக்கிறதா? எச்-அல்பா சிவப்பு, உங்கள் சில்லில் நான்கில் ஒரு கட்டம்தான் அதைப் பிடிக்கும். அதிலும் சாதாரண டிஎஸ்எல்ஆருக்குள் கம்பனியே ஒரு அகச்சிவப்புத் தடுப்பு வைத்திருக்கும், அது 656இல் பெரும்பகுதியை நிறுத்திவிடும். கெனன் 2005இல் 20டிஏ என்று வானத்துக்காகவே ஒரு கமரா விட்டது இதனால்தான். உள்ளே உள்ள தடுப்பை மாற்றாமல் வெளியே விலை கூடிய பில்டர் மாட்டுவது, வாசலைச் சாத்திவிட்டு ஜன்னலைப் பெரிதாக்குகிற வேலை. அதோடு ஒடுக்கமான பில்டருக்கு நிமிஷக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும், வானத்தோடு சேர்ந்து திரும்புகிற தாங்கி வேண்டும். பில்டர் மட்டுமே அம்மாமாரின் ஒரு மாதப் பேருக்கு மேலே போகும். கறுப்பு வெள்ளைக் கமராவும் மூன்று தனிப் பில்டரும் என்று போனால் கணக்குக் கேட்காதீர்கள்.

இன்னொன்று, உயிர் போகிற விஷயம் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்: நெபியூலாவுக்கு விற்கிற எச்-அல்பா பில்டரைச் சூரியனுக்குத் திருப்பக்கூடாது. கொடைக்கானலில் எச்-அல்பாவில் சூரியனைப் பார்த்தார்கள் என்று மேலே எழுதியிருக்கிறோம், அதே பெயர்தான், ஆனால் ஒளியைக் குறைக்கிற ஏற்பாடு இதில் கிடையாது. கமராவும் போகும், கண்ணும் போகும்.

எங்கள் பழைய பில்டர் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறது. அதை மாட்டிச் சந்திரனை எடுத்தால் வெளிச்சம் கொஞ்சம் அடங்கி நன்றாகத்தான் வருகிறது. அடுத்ததாக ஒரு சூரியப் பில்டர் தாள் வாங்கியிருக்கிறோம், ஏ4 அளவு. 2027 ஆகஸ்ட் 2 பின்னேரம் இலங்கையில் பகுதிக் கிரகணம். ஆகஸ்டில் ஹட்டன் வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், நூற்றுக்குத் தொண்ணூறு மழைதான். இருந்தாலும் தாளை வெட்டி, மட்டையில் ஒட்டி, லயத்துப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி செய்யத் தொடங்கியாச்சு. அப்பாயிமாருக்கும் சேர்த்துத்தான் வெட்டுகிறோம்.